ஒற்றைப்படை ஆண்டு

டுலூத்தில் ஜனவரி.
கப்பல்களுக்காக எழுந்து நிற்கும் பாலம்
மார்ச் வரை படுத்தே கிடக்கும்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மட்டும் கோடைகாலம்.
நாலு மணிக்கு வேலை முடிந்து
ஈரக் கையைத் தொடையில் துடைத்தபடி
சம்பளப் பிரிவுக்குப் போகிறேன்:
வரிப் பிடித்தப் படிவம் ஒன்று வேண்டும்.

"வந்துட்டியா ட்வைலா" என்கிறார் மிஸஸ் வுகெலிச்.
"கம்ப்யூட்டரிலேயே மாத்தலாமே, ரெண்டு நிமிஷம்."
எனக்குக் காகிதம் வேண்டும்.
விடுவதை என் கையால் விட வேண்டும்.

விவாகரத்துத் தீர்ப்பு, ஒன்பதாம் பக்கம்:
இரட்டைப்படை ஆண்டுகளில்
எம்மெட் என் வரிக்கணக்கில் பிள்ளை.
ஒற்றைப்படை ஆண்டுகளில் அவன் அப்பாவின் கணக்கில்.
நீதிபதி பையனை வெட்டவில்லை,
நாள்காட்டியை வெட்டினார்.
எந்த ஆண்டானாலும்
அவன் பூட்ஸுக்குள் உறைந்துபோன காலுறையை
உரித்தெடுப்பது நான்தான்.

முதல் ஒற்றைப்படை ஆண்டில் மறந்துவிட்டேன்.
அவனுக்கு ஐந்து வயது அப்போது.
அவன் பேரில் போட்ட இரண்டாயிரத்து இருநூறு
மூன்றாம் கட்டத்தில் அப்படியே கிடந்தது.
ஒவ்வொரு சம்பளத்திலும்
எண்பத்து நாலு டாலர் கூடுதலாய் வர,
கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.
ஒரு மாதம் டயர், ஒரு மாதம் பல் வைத்தியர்.
மிச்சம் எங்கே போயிற்று,
எனக்கே தெரியாது.
ஏப்ரலில் கணக்குப் பார்த்தால்
அத்தனையும் கடன்,
என் பிள்ளையைக் காட்டி
நான் களவாடியது போல.
தவணை கட்டி முடித்தபோது
ஏரி மறுபடி உறைந்திருந்தது.

சமையலறை மேசை.
எதிரில் எம்மெட் பின்னக் கணக்குப் போடுகிறான்,
நான் என்னுடையதை.
'குடும்பத் தலைவர்' என்பதற்கு நேரே ஒரு டிக்.
தீர்ப்பு தொடாத கட்டம் அது,
எல்லா ஆண்டிலும் என்னுடையது.
அடியில் இருக்கும் மளிகைச் சீட்டிலும் பதியும்படி
அழுத்திப் போடுகிறேன்.
மூன்றாம் கட்டம், வெற்றிடம்.

"அங்க ஏன் ஒண்ணும் எழுதலை?"
தலைகீழாகப் படிக்கக் கற்றுவிட்டான்.
"அது பிள்ளைங்களுக்கான இடம்.
இந்த வருஷம் நீ அப்பா தாள்ல இருக்கே."
பென்சிலைக் கடித்தான்.
"அப்போ இந்த வருஷம்
இங்க என் சீரியலை யார் சாப்பிடுறது?"
சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
நிஜமாகவே கேட்டிருக்கிறான்.

பிடித்தம். விசித்திரமான சொல்.
சம்பளத்தில் குறைந்தாலும் அதுதான் பெயர்,
ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்தாலும் அதுதான் பெயர்.
கேரட்டுக்கும் எனக்கும் இருந்தது போய்விட்டது.
மற்றது
இருபத்தாறு வெள்ளிக்கிழமையும் தவறுவதில்லை.

கடைசி வரி கேட்கிறது:
கூடுதலாக ஏதும் பிடிக்க வேண்டுமா?
பதினைந்து, என்று எழுதுகிறேன்.
அரசாங்கம் வட்டி தராது, தெரியும்.
அக்கா சோல்வே கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள்.
ஆனால் என் கைக்கு எட்டாத டப்பா
இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.
அடுத்த வசந்தத்தில் அது திரும்பி வந்தால்
அவனுக்கு ஸ்கேட் காலணி,
ஒரு அளவு பெரியதாக.

கையெழுத்து. தேதி.
ஆண்டை எழுதும்போதுதான்
பேனா கொஞ்சம் நின்றது.

சம்பள வெள்ளியன்று
ஏறக்குறைய நூறு டாலர் குறைந்திருந்தது.
எதிர்பார்த்ததுதான்.
சீட்டை மடித்துக் குளிர்சாதனப் பெட்டிமேல் போட்டேன்.
அன்றிரவு மக்ரோனி.
எம்மெட் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டுச்
சட்டியையும் சுரண்டினான்,
இரட்டைப்படை ஆண்டு மாதிரி.